விஞ்ஞானமும் ஸ்திரீகளும்

வருஷந்தோறும் பிப்ரவரி 28-ந் தேதியன்று நமது தேசம் விஞ்ஞான தினம் கொண்டாடி வருகிறது. 1928-ஆம் வருஷத்தில் அந்த நாளில்தான் ஸர் சி. வி. ராமன் கல்கத்தாவில் ஒளிச் சிதறலைப் பற்றிய தமது பெரும் உண்மையைக் கண்டறிந்தார். அடிமைப்பட்டுக் கிடந்த தேசத்தில், சொற்பமான கருவிகளைக் கொண்டு, உலகத்தின் முதல் வரிசைச் சாஸ்திரக்ஞர்களுக்குச் சமானமாக வேலை செய்ய இந்தியனாலும் முடியும் என்பதை அவர் நிரூபித்தார். 1930-இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் பயின்றவர் என்பதால் அவர் விஷயத்தில் தமிழருக்கு இரட்டிப்புப் பெருமை உண்டு. 2020-ஆம் வருஷத்தில் இந்தத் தினத்துக்கென்று சர்க்கார் தேர்ந்தெடுத்த பொருள் ‘விஞ்ஞானத்தில் ஸ்திரீகள்’ என்பது. அந்தப் பொருளையும் ராமன் பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்த சிலருக்காவது ஒரு பழைய சம்பவம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். விழா மேடைகளில் அதைப்பற்றி அதிகமாகப் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

1933-ஆம் வருஷத்தில் பம்பாய் சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்று முதல் ஸ்தானத்தில் தேறிய குமாரி கமலா பாகவத், மேற்கொண்டு ஆராய்ச்சி செய்வதற்காகப் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவருடைய தகப்பனாரும் சிற்றப்பாவும் அதே ஸ்தாபனத்தில் ரசாயனம் கற்றவர்கள். வழக்கமாக இத்தகைய யோக்கியதை உள்ளவருக்கு இடம் கிடைப்பதில் தடை இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவ்வருஷந்தான் ஸ்தாபனத்தின் முதல் இந்திய டைரக்டராகப் பதவியேற்ற ராமன், விண்ணப்பித்தவர் ஸ்திரீ என்ற ஒரே காரணத்தால் இடமில்லை என்று மறுத்துவிட்டார். கமலா அத்துடன் திரும்பிப் போகவில்லை. நேரில் சென்று காரணம் கேட்டார். தகுந்த காரணம் சொல்லும்வரை விடுவதில்லை என்று வாதாடினார். முடிவில் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. முதல் வருஷம் அவர் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். ஆசிரியர் சொல்லும்போது இராக்காலத்திலும் வேலை செய்யவேண்டும். ஆராய்ச்சிசாலையின் சூழ்நிலையை அவர் கெடுக்கக்கூடாது. இவையே அந்த நிபந்தனைகள். அவர் சம்மதித்தார். ஸ்ரீநிவாசய்யா என்ற ஆசிரியரிடம் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைப்பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். பிறகு கேம்பிரிட்ஜுக்குச் சென்று, தாவரங்களின் உடலிலும் ‘ஸைட்டோக்ரோம்-ஸி’ என்ற பொருள் உண்டென்பதை உருளைக்கிழங்கைக் கொண்டு நிரூபித்து, 1939-இல் டாக்டர் பட்டம் அடைந்தார். விஞ்ஞானத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்திய ஸ்திரீகளில் ஒருவர் என்று சரித்திரம் குறிப்பிடும் டாக்டர் கமலா சொஹோனி அவரே. குன்னூரில் போஷாக்கு ஆராய்ச்சிசாலையிலும், பின்னர் பம்பாயிலும் அவர் பணி செய்தார். ஏழைகளின் உணவாகிய பருப்பையும் நீராவையும் ஆராய்ந்து, அவற்றின் சத்து எத்தகையது என்று தேசத்துக்கு எடுத்துச் சொன்னார்.

ராமனுடைய கீர்த்தியைக் குறைப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. பெரியோர்களின் குறைகளைத் தேடிப் பொறுக்குவது நமது வழக்கமுமல்ல. கமலாவின் வேலையைக் கண்ட பிறகு ஸ்தாபனத்தின் கதவு மற்ற ஸ்திரீகளுக்கும் திறந்தது என்பதையும், ராமனுடைய சொந்த ஆராய்ச்சிசாலையிலேயே பின்னர் சில மாணவிகள் வேலை செய்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டியதே நியாயம். நாம் யோசிக்கவேண்டுவது வேறு விஷயம். எந்தச் சாமானிய உண்மையையும் பரீக்ஷை செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத ஒரு மேதை, ‘ஸ்திரீகளால் ஆராய்ச்சி செய்ய முடியாது’ என்ற பிரஸ்தாபத்தை மட்டும் ஒரு பரீக்ஷையுமின்றி எவ்வாறு ஒப்புக்கொண்டார்? வெள்ளையரின் சாஸ்திர உலகத்தில் இந்தியன் என்ற காரணத்தால் அலட்சியம் செய்யப்படுவது எத்தகைய வேதனை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்டவரே தம் வாசலில் நின்ற ஒரு பெண்ணுக்கு அதே அலட்சியத்தைச் செய்ய நேர்ந்தது என்றால், இந்த நோய் ஒரு தனி மனிதரின் குணதோஷம் அல்லவென்பது தெளிவு. அது விஞ்ஞான உலகத்தின் காற்றிலேயே கலந்திருந்தது.

இது நமது பழைய ஆசாரங்களின் பலன் என்று மேல்நாட்டார் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை முதலில் பார்க்கட்டும். லண்டன் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினராக ஹெர்த்தா அயர்ட்டன் என்ற அம்மையாரின் பெயர் 1902-இல் பிரேரேபிக்கப்பட்டது. மின்சார வில்லைப்பற்றி அவர் செய்திருந்த ஆராய்ச்சியின் தகுதியை மறுக்க முடியாத ஸொஸைட்டியார், வழக்கறிஞர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். விவாகமான ஸ்திரீக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஸ்தானம் இல்லை. ஆகையால் அவர் அங்கத்தினராக முடியாது என்று பதில் வந்தது. சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இதை எழுத நாம் வெட்கப்படுகிறோம். நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1906-இல், அதே ஸொஸைட்டி அவருக்குப் பதக்கம் அளித்தது. அங்கத்தினர் ஸ்தானத்தை மட்டும் அளிக்கவில்லை. ஸ்திரீகள் அங்கே முதன்முதலில் அங்கத்தினரானது 1945-இல். மேரி கியூரி அம்மையார் 1911-ஆம் வருஷத்து ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார். அவ்வருஷமே இரண்டாவது தடவையாக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கமலாவுக்கு இடம் கொடுத்த கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையுங்கூட ஸ்திரீகளைப் பூரண உரிமையுள்ள பட்டதாரிகளாக ஏற்றுக்கொண்டது 1948-இல்தான். ஆகவே கீழ்நாடு, மேல்நாடு என்ற பேதமின்றி எங்கும் ஒரே கதைதான்.

கதவை வெளிப்படையாகச் சாத்துவது ஒரு வகை. அதை எதிர்த்துப் போராடுவதும் ஒருவாறு எளிது. சாத்தியவர் யார் என்பது தெரிகிறது. இரண்டாவது வகை அவ்வளவு வெளிப்படையானதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பீருமேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகமும் ரசாயனமும் பயின்று 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே உபகாரச் சம்பளம் பெற்று, பெங்களூரில் ராமனுடைய ஆராய்ச்சிசாலையில் சேர்ந்தார். வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எவ்வாறு மாற்றி வெளியிடுகின்றன என்பதை இரவு பகலாக ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகளைப் பிரசுரித்து, 1945-ஆம் வருஷத்து ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்குரிய நூலைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அனுப்பினார். பெங்களூரில் செய்த ஆராய்ச்சிக்கு அக்காலத்தில் சென்னையில்தான் பட்டம் அளிப்பார்கள். அன்னா மணிக்கு எம். எஸ்ஸி. பட்டம் இல்லை, ஆகையால் டாக்டர் பட்டம் அளிப்பதற்கில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். ஆனர்ஸ் பட்டத்தின் பேரிலேயே அவரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதையோ, எதிரில் ஒரு முழு நூல் கிடக்கிறது என்பதையோ அவர்கள் கவனிக்கவில்லை. அந்த விதியில் ‘ஸ்திரீ’ என்ற வார்த்தையே கிடையாது. அதனால்தான் இது அபாயமான வகை என்கிறோம். விதியைத் தளர்த்திக் கொடுக்கும்படி சபைகளில் எடுத்துச் சொல்ல ஆள் உள்ளவர்களுக்கு விதி வளைகிறது. அத்தகைய ஆள் இல்லாதவர்களுக்கு அதுவே இரும்புக் கம்பியாக நிற்கிறது. எந்த நண்பர் கூட்டத்திலும் சேர்த்துக்கொள்ளப்படாத ஸ்திரீகள் பெரும்பாலும் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர்கள். அன்னா மணி கடைசிவரையில் டாக்டர் பட்டம் பெறவில்லை. ஆனால் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்து, சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, இந்த நாட்டிலேயே அவற்றைச் செய்ய வழிசெய்து கொடுத்தார். தேசத்தில் எங்கெங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்பதைக் கணக்கெடுத்து 1980-இலும் 1981-இலும் அவர் வெளியிட்ட பெரு நூல்கள், சூரிய சக்தித் தொழிலுக்கு அஸ்திவாரமாக அமைந்தன.

மூன்றாவது வகையொன்று உண்டு. அதற்கு உதாரணம் நமது கிண்டியிலேயே இருக்கிறது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற ஏ. லலிதா என்ற பெண்ணை, அதே காலேஜில் மின்சாரப் பேராசிரியராக இருந்த தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டி எஞ்ஜினீயரிங் காலேஜில் சேர்க்க முயன்றார்; பிரின்ஸிபால் சாக்கோவும் சம்மதித்தார். லலிதா 1943-இல் படிப்பை முடித்து, மின்சார எஞ்ஜினீயரான முதல் இந்திய ஸ்திரீ என்று பெயர் பெற்றார். கட்டட எஞ்ஜினீயரிங் பகுதியில் லீலம்மா ஜார்ஜ், பி. கே. த்ரேஸ்யா என்ற இருவரும் அவரைத் தொடர்ந்து வந்து சேர்ந்தார்கள். பட்டம் வழங்க வேண்டிய சமயத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அச்சிட்டு வைத்திருந்த பத்திரத்தில் ‘அவன்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இருந்தது. அதை அடித்து, ‘அவள்’ என்று பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தை அச்சிட்டவர்கள் மனத்தில் ஒரு துவேஷமும் இருந்திருக்காது. எஞ்ஜினீயர் என்றால் ஆண்பிள்ளை என்பது அவர்கள் யோசித்துச் செய்த முடிவல்ல. யோசிக்க வேண்டிய விஷயமென்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்றைக்குப் பெண்ணுரிமைவாதிகள் விஞ்ஞானத்தைப்பற்றிச் சொல்லிவரும் முக்கியமான குற்றச்சாட்டும் இதுவே. பட்டப் பத்திரத்தில் இருந்த ‘அவன்’ சாஸ்திரத்துக்குள்ளும் இருக்கிறான். மனிதன் என்றால் ஆண், ஸ்திரீ என்றால் விதிவிலக்கு என்று எண்ணியே பல கணக்குகள் போடப்பட்டிருக்கின்றன என்பது அவர்களுடைய கக்ஷி.

இது வெறும் வாய்வாதமா என்று பார்ப்போம். 1873-இல் அமெரிக்காவில் எட்வர்டு கிளார்க் என்ற வைத்தியர் ஒரு புஸ்தகம் எழுதினார். ஆண்களைப்போல் உயர்தரப் படிப்புப் படித்தால் பெண்களின் கர்ப்பப் பை கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். சில நோயாளிகளின் கதைகளைத் தவிர வேறு ஆதாரம் அதில் இல்லை. ஆயினும் ‘சாஸ்திரம் சொல்லிவிட்டது’ என்று பல காலேஜுகள் அதை மேற்கோள் காட்டின. மேரி புட்னம் ஜாக்கோபி என்ற அம்மையார், தாமும் வைத்தியர், பெண்களையே கேட்டு விவரங்கள் திரட்டி, மாதவிடாய்க் காலத்தில் அவர்களது உடல் வலிமை எவ்வாறு இருக்கிறது என்று அளந்து பார்த்து, ஓய்வு அவசியம் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிக்கு 1876-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பரிசு கிடைத்தது. அந்த ஹார்வர்டின் வைத்தியக் கல்லூரியில் அப்பொழுது பெண்கள் சேர முடியாது! இந்த வழக்கில் விஞ்ஞானத்தின் முறைப்படி நடந்தவர் யார், தம்முடைய எண்ணத்தை விஞ்ஞானம் என்று சொன்னவர் யார் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

அது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, கருவுறக்கூடிய வயதுள்ள ஸ்திரீகளை மருந்துகளின் ஆரம்ப சோதனைகளில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கருவிலுள்ள சிசுக்களுக்குத் தீங்கு நேரக்கூடாதென்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் அதன் பயன் என்னவாயிற்று? ஆண்களின் உடலில் சோதித்த அளவையே ஸ்திரீகளுக்கும் கொடுத்து வந்தார்கள். 1993-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். ஜோல்பிடெம் என்ற தூக்க மருந்து ஸ்திரீகளின் உடலை விட்டு மெதுவாகவே நீங்குகிறது; மறுநாள் காலையில் மோட்டார் ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கிறது. இதைக் காரணமாகக் காட்டி ஸ்திரீகளுக்குரிய அளவைப் பாதியாகக் குறைத்தது 2013-இல். அதற்குள் மருந்து விற்பனைக்கு வந்து இருபது வருஷங்கள் ஆகிவிட்டன. மோட்டார் காரின் சங்கதியும் இவ்வாறே. கார் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கப் பொம்மைகளை உட்கார வைத்துச் சோதிப்பார்கள். பல வருஷகாலமாக அவை நடுத்தர ஆணின் அளவில் செய்த பொம்மைகள். பிற்பாடு வந்த ‘ஸ்திரீப் பொம்மை’யும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்த சிறிய உருவமேயன்றி, ஸ்திரீயின் உடலமைப்பை ஆராய்ந்து செய்ததல்ல. நேருக்கு நேர் மோதும் விபத்துக்களில், பெல்ட் அணிந்த ஸ்திரீகளுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவிகிதம் அதிகம் என்று அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலையார் 2019-இல் கணக்கிட்டார்கள். சராசரி ஸ்திரீயின் உடலுக்கு ஏற்ற பொம்மையை ஸ்வீடன் தேசத்தில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற அம்மையாரின் கோஷ்டியார் 2022-இல் வெளியிட்டனர். மோட்டார் தோன்றி நூறு வருஷங்களுக்கு மேலான பின்பு!

நம் நாட்டுச் சமையலறைக்கு வருவோம். புகையில்லா அடுப்பு என்பது எளிய சாதனம். 1953-இலேயே ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்பவர் அதைப்பற்றி நூல் எழுதியிருக்கிறார். 1980-களில் மத்திய சர்க்கார் திட்டம் வகுத்து, கோடிக்கணக்கில் சீர்திருத்த அடுப்புக்களை நாடெங்கும் பரப்பினார்கள். பல வீடுகளில் அவை வெகு சீக்கிரத்தில் கைவிடப்பட்டன. காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, அடுப்பின் வாய் எவ்வளவு, பானையின் அடி எவ்வளவு, கிடைக்கும் விறகு எத்தகையது என்பதை அன்றாடம் அடுப்படியில் நிற்பவளிடம் முதலில் கேளாமல் அளவெடுத்தது. புகை அவளுடைய நுரையீரலில் போகிறது. அளவுகோல் வேறொருவர் கையில் இருக்கிறது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ‘இயற்கைக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியுமா? அணுவைப் பார்ப்பவர் சேலை கட்டியிருந்தாலென்ன, வேஷ்டி கட்டியிருந்தாலென்ன? உண்மை ஒன்றுதானே?’ என்று கேட்பார்கள். உண்மை ஒன்றுதான், அதில் நமக்கு ஐயமில்லை. ஸ்திரீகளுக்கென்று ஒரு தனிப் பௌதிகமும் தனி ரசாயனமும் உண்டென்று சொல்பவர்களுடன் நாம் சேரமாட்டோம். ஆனால் உண்மை ஒன்றாயிருந்தாலும் அதைத் தேடும் கேள்விகள் பல. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கவனிப்பது, எதை ‘முக்கியமில்லை’ என்று ஒதுக்குவது என்பதெல்லாம் கேட்பவருடைய அநுபவத்தைப் பொறுத்தவை. நமது ராஜஸ்தானத்து ஆபு மலையில் ஹனுமான் குரங்குகளை 1970-களில் ஸாரா ஹர்டி என்ற அமெரிக்க மாது ஆராய்ந்தார். குரங்குக் கூட்டத்தின் வாழ்க்கையென்றால் ஆண் குரங்குகளின் சண்டையும் ஆதிக்கமுமே என்றுதான் அதுவரை பலர் எழுதிவந்தனர். ஆண் குரங்கிடமிருந்து குட்டியைக் காப்பதற்காகப் பெண் குரங்குகள் செய்யும் உபாயங்களையும், அவற்றுக்குள்ளேயே நடக்கும் போட்டிகளையும் அவர் உற்றுக் கவனித்து எழுதினார். குரங்குகள் மாறவில்லை, அதே மலை, அதே கூட்டந்தான். முன்பு யாரும் உற்றுப் பார்க்காத பக்கத்தை ஒருவர் பார்த்தார். சாஸ்திரம் முன்னைவிடப் பூரணமாயிற்று.

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு தரப்புச் சாக்ஷிகளை மாத்திரம் விசாரித்து எழுதிய தீர்ப்பை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பென்று சொல்கிறோம். நீதிபதி யோக்கியராக இருக்கலாம். சாக்ஷிகள் சத்தியவந்தர்களாகவே இருக்கலாம். ஆயினும் எதிர்த் தரப்பின் குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியத்துக்குப் பூரண மதிப்பில்லை. எவலின் பாக்ஸ் கெல்லர், ஸாண்ட்ரா ஹார்டிங் முதலிய அம்மையார்கள் 1980-களில் எழுதிய நூல்களின் சாரத்தை நமது பாஷையில் சொல்வதானால் இவ்வளவுதான்: விஞ்ஞானம் இதுவரை எழுதியிருக்கும் தீர்ப்புக்களில் சில எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக்கள், அவற்றை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டால் விஞ்ஞானத்தின் நடுநிலைமை பலப்படுமேயன்றிக் குறையாது. இந்தக் கோரிக்கையில் விஞ்ஞானத்துக்கு விரோதமானது எது என்று நமக்கு விளங்கவில்லை.

‘இவையெல்லாம் போன யுகத்துச் சங்கதிகள், இப்பொழுது எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன’ என்று மற்றொரு சாரார் சொல்வார்கள். 2019-இல் அனுப்பிய சந்திரயான்-2 வேலைக்குத் தலைமை வகித்தவர்கள் எம். வனிதா, ரித்து கரிதால் என்ற இரு அம்மையார்கள் அல்லவா என்பார்கள். வாஸ்தவம்; அதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நாமும் சேர்ந்தவர்களே. ஆனால் படத்தைப் பார்ப்பது போதாது, கணக்கையும் பார்க்கவேண்டும். 2018-ஆம் வருஷத்து நிலைமைப்படி இந்தியாவில் ஆராய்ச்சி செய்பவர்கள் சுமார் 3 லட்சத்து 42 ஆயிரம் பேர் என்றும், அவர்களில் ஸ்திரீகள் 16.6 சதவிகிதம் என்றும் மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவே கணக்குக் காட்டியது. அதாவது ஆறு பேரில் ஒருவர். காலேஜுகளின் விஞ்ஞான வகுப்புக்களில் நிரம்பி வழியும் நமது பெண்கள் பட்டம் பெற்ற பிறகு எங்கே போகிறார்கள்? ஐ. ஐ. டி.க்களில் மாணவிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலையைக் கண்டே 2018 முதல் அவர்களுக்கென்று மேற்கொண்டு இடங்கள் ஏற்படுத்த வேண்டியிருந்தது. 1942-இல் தோன்றிய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் தலைமை ஸ்தானத்தில் முதன்முதலாக ஒரு ஸ்திரீ அமர்ந்தது 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். ஏறக்குறைய எண்பது வருஷங்கள் கழித்து. அந்த ஸ்திரீ நமது திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே பாடம் கேட்டவர், காரைக்குடி மின் ரசாயன ஆராய்ச்சிசாலையில் உயர்ந்தவர், டாக்டர் ந. கலைச்செல்வி. தமிழில் படித்தால் விஞ்ஞானம் வராது என்பவர்களுக்கும், பெண்ணுக்கு விஞ்ஞானம் வராது என்பவர்களுக்கும் ஒரே பதிலாக அவர் நிற்கிறார். ஆனால் ஒருவர் வந்ததைக் காட்டி வராத ஆயிரம் பேரை மறந்துவிடலாகாது.

ஆகவே செய்ய வேண்டியவை என்ன? ஸ்திரீகளைப் புகழ்ந்து தீர்மானம் நிறைவேற்றுவதால் ஒன்றும் நடவாது. பொதுஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சி ஸ்தாபனமும், எத்தனை ஸ்திரீகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற கணக்கை வருஷந்தோறும் பிரசுரிக்கட்டும்; ஒரு கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். பிள்ளைப்பேற்றிலும் குழந்தை வளர்ப்பிலும் கழிந்த வருஷங்களை வயது வரம்பிலிருந்து கழித்துவிடட்டும். கணவன் வேலை பார்க்கும் ஸ்தாபனத்தில் மனைவிக்கு இடமில்லை என்று பல இடங்களில் நெடுநாள் நிலவிவந்த எழுதாத விதி, எங்கேனும் மிச்சமிருந்தால், அதைக் கிழித்தெறியட்டும். மருந்தையோ இயந்திரத்தையோ ஸ்திரீகளின் உடலுக்கும் பொருத்திச் சோதிக்காத ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் கொடுக்கக் கூடாது.

இரவு வேலையைப்பற்றி ஒரு வார்த்தை. 1933-இல் கமலாவுக்கு இராக்காலத்தில் வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலோ ஸ்திரீகள் இராக்காலத்தில் வேலை செய்யவே கூடாது என்பது விதி. சென்னை ஹைகோர்ட்டு அந்த விதியை 2000-ஆம் வருஷத்து டிசம்பரில் அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தள்ளிவிட்டது. கூடவே, வேலை செய்பவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பும் வசதிகளும் இருக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டது. வழி இதுதான். இரவு அபாயமானதாக இருந்தால், ஸ்திரீயை வீட்டுக்கு அனுப்புவது பரிகாரமாகாது. இரவை அபாயமற்றதாக ஆக்குவதே பரிகாரம். விளக்கும், வாகனமும், தங்குமிடமும், முறையீட்டைக் கேட்க ஒரு யோக்கியமான சபையும் இருந்தால், ஆராய்ச்சிசாலையின் விளக்கு எந்நேரமும் எல்லோருக்கும் எரியும்.

பெண்களைப் பெற்றவர்களுக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. மகள் பௌதிகத்தில் முதலாவதாகத் தேறினாள் என்று ஊரெல்லாம் மிட்டாய் வழங்கிவிட்டு, ‘மேலே படித்தால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்’ என்று அடுத்த மாதமே புஸ்தகத்தைக் கட்டி வைக்கும் வீடுகள் இந்த நாட்டில் இன்னும் எத்தனையோ உண்டு. டைரக்டர் சாத்தும் கதவைப் பத்திரிகைகள் கண்டிக்கலாம், கோர்ட்டுகள் திறக்கலாம். தகப்பன் சாத்தும் கதவைத் தகப்பனே திறக்கவேண்டும். கிண்டிக் காலேஜுக்குத் தம் விதவை மகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற சுப்பாராவ் எந்தச் சட்டம் வரட்டுமென்றும் காத்திருக்கவில்லை.

அடுத்த பிப்ரவரி 28-ந் தேதியன்றும் பள்ளிக்கூடங்களில் ராமனுடைய படத்துக்கு மாலை சாத்துவார்கள். சாத்தவேண்டியதே. ஆனால் அன்று உபாத்தியாயர்கள் ராமனுடைய கண்டுபிடிப்பைச் சொல்லி முடித்ததும், அவருடைய அறையில் நின்று காரணம் கேட்ட ஒரு பெண்ணின் கதையையும் குழந்தைகளுக்குச் சொல்லட்டும். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாமல், சோதித்துப் பார்த்த பின்பே ஏற்பதுதான் விஞ்ஞானம் என்றால், அன்றைய தினம் அந்த அறையில் விஞ்ஞானத்தின் பக்ஷம் நின்றவர் கமலாவே.